பாலத்தை வாய்விட்டு வாசித்தவர்கள்

பொதுக் கணிப்பு மையத்தில் பிழை செய்ய அனுமதியில்லை என்று யாராவது முன்னமே சொல்லியிருந்தால், அவள் தன் பிழைகளையெல்லாம் வீட்டிலேயே செய்து முடித்துவிட்டு வந்திருப்பாள்.

வாசலில் எழுதித்தான் வைத்திருந்தார்கள். ‘பிழையில்லா மையம்’ என்று ஆளுயரப் பலகை. ஏதோ விருதின் பெயர் போலிருக்கிறது என்று நினைத்து, அதன் கீழேயே குடையை உதறிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் வந்த காரியம் இதுதான். நகரத்தின் நடுவே ஓடும் ஆற்றின் மேல் ஒரு பழைய நடைபாலம். அக்கரையில் வீடுகள், இக்கரையில் மருத்துவமனையும் கடைகளும். காலையில் ஜனம் அதில் நெருக்கியடித்துக்கொண்டு வரும். கொஞ்ச நாளாக, நடப்பவர்களோடு சேர்ந்து பாலமும் ஆட ஆரம்பித்திருந்தது. மழைக்காலத்தில் தண்ணீர் ஏறினால் தாங்குமா என்று நகரசபை எஞ்சினியர் பல்கலைக்கழகத்தைக் கேட்டார். பல்கலைக்கழகம் பேராசிரியரைக் கேட்டது. பேராசிரியர் தன் மாணவியான அவளைக் கேட்டார். அவளுக்குக் கீழே கேட்க ஆள் இல்லை. எனவே அவள் உட்கார்ந்து கணினி நிரல் எழுதினாள்.

பாலத்தின் ஒவ்வொரு போல்ட்டையும், அதன் மேல் விழும் ஒவ்வொரு அடியையும், தூண்களை அரிக்கும் தண்ணீரையும் கணக்கிலெடுத்துக்கொண்டு, கடைசியில் இரண்டு சொற்களில் ஒன்றைச் சொல்லும் நிரல். ‘நிற்கும்’ அல்லது ‘விழும்’. அவளுடைய மேசைக் கணினியில் ஓடவிட்டால் இந்த மழைக்காலம் போய் அடுத்ததும் வந்துவிடும். மையத்தில் அலமாரி அலமாரியாக அடுக்கிய கணினிகள் எல்லாம் சேர்ந்து ஒரே கணினி போல உழைக்கும். அங்கே மூன்று நாளில் முடியும்.

அவளுக்கு அக்கா ஒருத்தி. மருத்துவமனையில் தாதி. தினமும் அந்தப் பாலத்தில்தான் போய் வந்தாள்.

“நீ பதில் சொல்ற வரைக்கும் நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டே நடக்கணுமா?” என்றாள் அக்கா.

“சுத்திப் போயேன்க்கா.”

“சுத்திப் போனா முக்கால் மணி நேரம். உன் கணக்கு எத்தனை நேரம்?”

“மூணு நாள்.”

“அப்போ மூணு நாள் மூச்சைப் பிடிக்கிறேன். காலை ஆட்டாதடி, கட்டில் நகருது.”

உட்கார்ந்தால் அவளுக்குக் கால் தானாக ஆடும். பாலத்தைப் பற்றி எழுத ஆரம்பித்த பிறகு அது கூடிவிட்டிருந்தது.

மையத்தில் அவளுக்கு ஒரு நாற்காலியும் திரையும் கொடுத்தார்கள். கணினிகளில் தூசி படியாமலிருக்க, செருப்பின் மேல் மாட்டிக்கொள்ள நீல நிற உறையும் கொடுத்தார்கள். கணினிகள் இரண்டு மாடிக்குக் கீழே இருந்தன. தூசி படியிறங்கிப் போகாது என்று அவள் நினைத்தாள், ஆனால் சொல்லவில்லை. நினைப்பதைச் சொல்லும் பழக்கம் அவளுக்குக் கிடையாது.

மனிதர் எழுதும் நிரலை இயந்திரம் அப்படியே விழுங்காது. அதை இயந்திரத்தின் மொழிக்கு மாற்றித் தர இடையில் ஒரு மென்பொருள் வேண்டும். அதுதான் கம்பைலர். மாற்றும்போது தவறு இருந்தால் இந்த வரியில் இன்ன தவறு என்று காட்டும். அவள் தன் நிரலைக் கம்பைலரிடம் கொடுத்தாள். நாற்பத்து மூன்று பிழைகள் என்றது. அவள் முதல் பிழையைப் படிக்கக் குனிந்தாள். அதற்குள் பக்கத்து அறையில் மணி அடித்தது.

கம்பைலர் அதிகாரி ஓடிவந்தார். சட்டைப்பையில் நான்கு பேனா வைத்திருந்த, நல்ல மாதிரியான மனிதர்.

“யாரும்மா பண்ணது?”

“எது சார்?”

“பிழை! நாப்பத்திமூணு! ஒரே மூச்சுல!”

“சார்... பிழையைக் காட்டத்தானே கம்பைலர்...”

“அதெல்லாம் மத்த இடத்துல. இங்க மாசாமாசம் பிழைக் கணக்கு மேலிடத்துக்குப் போகுது. நாலு வருஷமா பூஜ்யம். இப்போ உங்களால நாப்பத்திமூணுன்னு நான் எப்படி எழுதுவேன்?” அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “பிழை பண்றதுன்னா வீட்டுல பண்ணிட்டு வாங்கம்மா. இது பொது இடம்.”

தவறு தன் பேரில் இல்லை, கம்பைலர் மிகவும் பழைய பதிப்பு, தான் எழுதியிருக்கும் புதிய பாணி அதற்குப் புரியவில்லை என்று அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். புதிய பதிப்பை ஒரு மணி நேரத்தில் போட்டுவிடலாம் என்றும் சொன்னாள்.

அதிகாரி அவளைக் கூட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார். அங்கே சுவரில் ஒரு கருங்கல் பதித்திருந்தது. மையம் எப்போது திறக்கப்பட்டது, யார் திறந்துவைத்தார், உள்ளே எத்தனை கணினிகள், என்ன கம்பைலர், அதன் பதிப்பு எண் என்ன என்பதெல்லாம் தங்க நிறத்தில் வெட்டியிருந்தது.

“பாத்தீங்களா? கம்பைலரை மாத்தினா கல்லு பொய் சொல்லும்.”

“கல்லையும் மாத்திடலாமே சார்?”

“திறந்து வச்சவர் கையாலதான் மாத்தணும். அதுதான் முறை.”

“அவரைக் கேட்டுப் பாக்கலாமா?”

“அவர் காலமாயிட்டார்மா,” என்றார் அதிகாரி. “நல்ல மனுஷன். கம்பைலர்னா என்னன்னு கடைசி வரைக்கும் அவருக்குத் தெரியாது. ஆனா கல்லைத் தடவிப் பார்த்து ரொம்ப சந்தோஷப்பட்டார்.”

அவள் வீட்டுக்குப் போய் நிரல் முழுவதையும் பழைய பாணியில் திருப்பி எழுதினாள். தாத்தாவின் சட்டையைத் தன் அளவுக்குப் பிடித்துத் தைப்பது போல இருந்தது அந்த வேலை. அது முடிவதற்குள் மழை தொடங்கிவிட்டது.

திரும்பிப் போனபோது, இந்த முறை நேராகக் கம்பைலரிடம் கொடுக்கக் கூடாது என்றார் அதிகாரி. அவளால் வந்த அதிர்ச்சியை அடுத்து மையம் முன்வாசிப்புக் குழு என்று ஒன்றை அமைத்திருந்தது. கம்பைலர் கண்டுபிடிப்பதற்கு முன்பே மனிதர்கள் பிழையைக் கண்டுபிடித்துவிட்டால் கணக்கில் ஏறாது. இயக்குநரே தலைவர். அதிகாரி வாசிப்பார். உறுப்பினர்கள் கேட்பார்கள்.

நீண்ட மேசை, தண்ணீர்ப் புட்டிகள், ஒலிவாங்கி. இயக்குநர் கச்சேரி கேட்பவரைப் போலக் கண்ணை மூடிக்கொண்டார்.

“அடைப்பு திற,” என்று தொடங்கினார் அதிகாரி. “எடை, பெருக்கல் குறி, தூரம். அடைப்பு மூடு. அரைப்புள்ளி. அடுத்த வரி. அடைப்பு திற. இன்னொரு அடைப்பு திற...”

உறுப்பினர்களில் ஒருவர் திறக்கும் அடைப்புக்குறிகளையும் மூடும் அடைப்புக்குறிகளையும் விரல்விட்டு எண்ணினார். இன்னொருவர் முதலாமவரின் விரலைக் கவனித்துக்கொண்டார். முதல் பக்கம் முடியும் தறுவாயில் யாரோ தும்மினார்கள்.

“இப்போ மூடினீங்களா, தும்மினீங்களா?” என்று இயக்குநர் கண்ணைத் திறக்காமல் கேட்டார்.

யாருக்கும் உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்கினார்கள்.

அவளுடைய கால் மேசைக்கடியில் ஆடிக்கொண்டே இருந்தது. ஜன்னலுக்கு வெளியே மழை. இதையெல்லாம் கம்பைலர் ஒரு நொடியில் படித்துவிடும் என்று ஒரு தடவை வாய்வரை வந்தது. எல்லோரும் அத்தனை கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சொல்லைத் தண்ணீரோடு சேர்த்து விழுங்கிவிட்டாள். இடைவேளையில் அதிகாரியிடம் மெதுவாகக் கேட்டாள்.

“கீழ கணினிகள்ல இப்போ யாரோட வேலை ஓடுது சார்?”

“யாரோடதும் இல்ல. எல்லாம் சும்மாதான் இருக்கு. அதனாலதான் பாருங்க, ஒண்ணுகூட பழுதாகல.”

எஞ்சினியர் தினமும் தொலைபேசியில் கூப்பிட்டார். வணக்கம் சொல்லி நேரத்தை வீணாக்கும் ஆள் இல்லை.

“தங்கச்சி, நிக்குமா விழுமா?”

“இப்போதான் சார் ரெண்டாம் பக்கம்.”

“ரெண்டாம் பக்கத்துல என்ன சொல்லுது?”

“அடைப்பு திறன்னு சொல்லுது சார்.”

“இங்க தண்ணி ரெண்டு அடி ஏறியிருக்கு,” என்று சொல்லி வைத்துவிட்டார்.

அக்கா இப்போதெல்லாம் பாலத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடப்பதாகச் சொன்னாள். பிறகு, கைப்பிடியும் ஆடுவதால் அதை விட்டுவிட்டதாகச் சொன்னாள்.

ஒருவழியாகக் கடைசிப் பக்கம் வந்தது. “நிலைமை சரியென்றால், மேற்கோள் குறி, நிற்கும், மேற்கோள் குறி. இல்லையென்றால், மேற்கோள் குறி, விழும்...”

இயக்குநர் கண்ணைத் திறந்தார்.

“என்னது?”

“விழும், சார்.”

“யார் விழறது?”

“பாலம் சார்,” என்றாள் அவள்.

இயக்குநர் எழுந்து நின்றார். ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். எதிரே ஐந்தாறு பேர்தான். அவர் பார்வை அவர்களுக்குப் பின்னால் பெரிய கூட்டம் ஒன்று நிற்பதைப் போல விரிந்தது.

“இந்த மையத்துலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் ஒரு கெட்ட செய்தி வெளிய போனதில்ல. ஒரு நல்ல செய்தியும் போனதில்ல, அது வேற. ஆனா கெட்டது போனதில்ல! ஜனங்க நம்மள நம்பறாங்க. ஏன் நம்பறாங்க? நாம எதுவும் சொல்றதில்ல, அதனால நம்பறாங்க. இப்போ திடீர்னு ‘விழும்’னு சொன்னா பயந்துட மாட்டாங்களா? பொண்ணு வயசுல சின்னவங்க. அவங்களுக்குப் பொறுப்பு தெரியாது. நமக்குத் தெரியும். அதனால, விழும்னு இருக்கிற இடத்துலயும் நிற்கும்னு போட்டுடுங்க.”

“சார், அப்போ கணக்கு...”

“கணக்குல கை வைக்கவே மாட்டோம்மா!” இயக்குநர் நெஞ்சில் கைவைத்தார். “ஒரு புள்ளிகூட மாத்த மாட்டோம். நாங்க அறிவியலை மதிக்கிறவங்க. விடையை மட்டும்தான் மாத்தறோம்.”

உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள். அவள் வாயைத் திறந்தாள். மறுத்தால் மறுபடி முதல் அடைப்பிலிருந்து தொடங்கும். நிரல் எப்படியாவது உள்ளே போய் ஓட ஆரம்பித்தால் போதும், மூன்று நாளில் என்றாவது ஒரு சமயம் எண்களை எட்டிப் பார்த்துவிடலாம். வாயை மூடிக்கொண்டாள். அதிகாரி தன் கையாலேயே சொல்லை மாற்றினார். பிறகு நிரலைக் கம்பைலரிடம் கொடுத்தார். பிழை, பூஜ்யம். கை தட்டினார்கள்.

மூன்று நாளும் அங்கேயே இருக்க அவள் மாற்றுடையும் தண்ணீர்ப் புட்டியும் தயாராகக் கொண்டுவந்திருந்தாள். இயக்குநர் பொத்தானை அழுத்தச் சொன்னார். அழுத்தினாள். விரலை எடுப்பதற்குள் திரையில் வந்துவிட்டது.

நிற்கும்.

அவ்வளவுதான். மூன்று நாள் கணக்கு, ஒரு இமைப்பொழுது.

என்ன நடந்தது என்பது அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. கம்பைலர் பழசுதான், ஆனால் முட்டாள் இல்லை. தேவையில்லாத வேலையைக் கண்டால் வெட்டிவிடுவது எல்லாக் கம்பைலர்களுக்கும் உள்ள குணம். இந்த வழியாகப் போனாலும் ‘நிற்கும்’, அந்த வழியாகப் போனாலும் ‘நிற்கும்’ என்றால் நடுவில் எதற்குக் கணக்கு என்று அது யோசித்திருக்கிறது. போல்ட்டுகளையும் ஆற்றையும் காலையில் நடக்கும் ஜனத்தையும் மொத்தமாகத் தூக்கி வீசிவிட்டுக் கடைசிச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறது. எட்டிப் பார்க்க ஒரு எண்கூட இல்லை. அந்தக் கட்டடத்தில் நடந்ததைச் சரியாகப் புரிந்துகொண்டு அதற்கேற்ப நடந்துகொண்டது அது ஒன்றுதான்.

“மூணு நாள் வேலை!” இயக்குநர் கூவினார். “கண் மூடித் திறக்கறதுக்குள்ள! உலகத்துல எவனாவது பண்ணியிருக்கானா?”

“சார்,” என்றாள் அவள். “கணக்கு நடக்கவே இல்ல சார்.”

“நடக்காமலேயா விடை வந்துச்சு?”

“ஆமா சார்.”

இயக்குநர் அதிகாரியைத் திரும்பிப் பார்த்தார். இயக்குநரின் கண் கலங்கியிருந்தது. “கேட்டியாய்யா? கணக்கே போடாம விடை! நான் நினைச்சதைவிடப் பெரிய சாதனையா இருக்கே!”

சான்றிதழ் அன்றே நகரசபைக்குப் போய்விட்டது. அவள் எஞ்சினியரின் அலுவலகத்துக்கு நனைந்துகொண்டே ஓடினாள். சுவர் முழுக்கப் பாலங்களின் படம் ஒட்டிய சின்ன அறை. அவள் நடந்ததைச் சொன்னாள். வாழ்க்கையில் அவள் ஒரே மூச்சில் பேசிய மிக நீண்ட பேச்சு அதுதான்.

எஞ்சினியர் சான்றிதழைத் தூக்கிக் காட்டினார். “முத்திரையோட வந்திருக்கு தங்கச்சி. நிற்கும்னு போட்டிருக்கு.”

“அது பொய் சார்.”

“எனக்குத் தெரியுது. உனக்குத் தெரியுது. தினமும் காலையில அதுல நடக்கிறவங்களுக்கு அவங்க கால்லயே தெரியுது. ஆனா இந்தக் காகிதம் இருக்கிற வரைக்கும் நான் பாலத்தை மூடினா என் வேலை போயிடும். மூடறதுக்கு வேற காரணம் குடு. எந்தக் காரணமா இருந்தாலும் சரி. ஆனா மையமே ஒத்துக்கற காரணமா இருக்கணும்.”

அடுத்த நாள் மையத்தில் விழாவுக்கான கூட்டம். சாதனையை எங்கே கொண்டாடுவது என்று பேச்சு வந்தபோது, பாலத்தின் மேலேயே என்றார் இயக்குநர். மொத்த மையமும் பாலத்தில் நிற்கும். எஞ்சினியரையும் அழைத்திருந்தார்கள், அவர் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“அதோட, பாலத்துக்கு நடுவுல ஒரு கல்லு வைக்கிறோம். கருங்கல். இங்க வாசல்ல இருக்கிற மாதிரி. ‘இந்தப் பாலம் நிற்கும் என்று இமைப்பொழுதில் கணித்த மையம்’னு. கீழ என் பேரு. காலத்துக்கும் நிக்கும்.”

அவள் கால் ஆடுவது நின்றது. கையைத் தூக்கினாள். அந்த அறையில் அவள் கை உயர்ந்தது அதுவே முதல் தடவை என்பதால், ஜன்னலை மூடச் சொல்கிறாளாக்கும் என்று ஒருவர் ஜன்னலை மூடினார்.

“கல்லு எவ்வளவு எடை சார்?”

“நல்ல எடை. சாதனைக்குத் தகுந்த எடை. ஏம்மா?”

“நம்ம கணக்குல கல்லு இல்லையே சார்.” அவள் விடவில்லை. “மையம் நிற்கும்னு சொன்னது கல்லு இல்லாத பாலத்தை. கல்லோட சேர்த்து நிற்கும்னு மையம் இன்னும் சொல்லல. நாளைக்கு யாராவது கேட்டா...”

“கேட்டா?”

“நீங்க போட்ட கல்லு, நீங்க சொல்லாததைச் சொல்ற மாதிரி ஆயிடும் சார். கல்லு பொய் சொல்லக் கூடாது இல்லையா?”

கம்பைலர் அதிகாரியின் முகம் வெளுத்துவிட்டது. “சார், அவங்க சொல்றது சரி. கல்லு விஷயம்.”

இயக்குநர் மேசையின் மேல் விரலால் தாளம் போட்டார். கல்லை விட அவருக்கு மனமில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

“அப்போ கல்லோட சேர்த்து மறுபடி கணக்கு போடுங்க.”

“போடலாம் சார். முன்வாசிப்பு முதல் வரியிலேர்ந்து தொடங்கணும். அதுவரைக்கும்...”

“அதுவரைக்கும் பாலத்தை மூடி வைக்கணும்,” என்றார் எஞ்சினியர். அவ்வளவு வேகமாக அவர் பேசி யாரும் கேட்டதில்லை. “சாதனைப் பாலம் சார். கண்டவங்க நடந்து தேய்ச்சுட்டா கல்லு வைக்கிற இடமே பாழாயிடும். நீங்க ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தா இன்னிக்கே மூடிடறேன்.”

இயக்குநர் எழுதிக் கொடுத்தார். இன்று பிற்பகலே மூட வேண்டும் என்று அடிக்கோடும் போட்டார். பாதுகாப்புக்காக அல்ல, கௌரவத்துக்காக.

கல் வந்துசேர்ந்தது. பாலத்துக்கு முன்னால், பூட்டிய கதவோரம் சாய்த்து வைத்தார்கள். அக்கா சுற்று வழியில் நடந்து, வீட்டுக்கு வந்ததும் காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு தங்கையைத் திட்டினாள்.

“மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நடந்ததே தேவலைடி. உன் கணக்கு எங்க இருக்கு?”

“ரெண்டாம் பக்கத்துல.”

“போன மாசமும் அங்கதானே இருந்துச்சு?”

“யாரோ இருமிட்டாங்கக்கா.”

மழை பலத்துப் பெய்த ஒரு பிற்பகலில் அக்கா மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டாள். மூச்சு வாங்கியது.

“விழுந்துடுச்சு! ஜன்னல்லேர்ந்து பாத்தேன்டி, நடுவுல அப்படியே மடிஞ்சு உக்காந்துடுச்சு.”

“யாராவது...?”

“ஒருத்தரும் இல்ல. ஒரு காக்காகூட இல்ல.” என்றாள் அக்கா. “சுத்தி நடந்ததுக்கு உன்னைத் திட்டினேன்ல.”

“பரவால்லக்கா.”

“இனிமேயும் திட்டுவேன். கால் வலிக்குது.”

மறுநாள் இயக்குநர் அறிக்கை விட்டார். மையம் நிற்கும் என்று சொன்னது திறந்திருந்த பாலத்தை. விழுந்தது மூடிய பாலம். மூடிய பாலத்தைப் பற்றி மையம் எக்காலத்திலும் எதுவும் சொன்னதில்லை. எனவே பிழை, பூஜ்யம். இமைப்பொழுது சாதனைக்கும் பாதகமில்லை. கரையில் கல் மட்டும் தனியாக, அசையாமல் நின்றுகொண்டிருந்தது.

அவள் மையத்தின் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று பையில் எடுத்து வைத்தபோது தொலைபேசி அடித்தது. கம்பைலர் அதிகாரி.

“அம்மா, நாளைக்குக் கூட்டம் இருக்கு. மறந்துடாதீங்க.”

“பாலம்தான் விழுந்துடுச்சே சார்.”

“அது வெளிய நடந்தது. நமக்கு இன்னும் முன்வாசிப்பு முடியலையே. அதோட, குழுவுல ஒரு அபிப்பிராயம் வந்திருக்கு. இப்போ இருக்கிற நிலைமையில ‘நிற்கும்’கிற சொல்லையும் எடுத்துடறது நல்லது. எதுக்கு வம்பு?”

“ரெண்டையும் எடுத்துட்டா நிரல் ஒண்ணுமே சொல்லாதே சார்.”

“ஆமாம்மா,” என்றார் அவர். குரலில் நிஜமான மகிழ்ச்சி. “போன தடவையைவிட வேகமா ஓடும்ல?”